இரண்டாவது தடவை கேட்கவில்லை

வீட்டு எஜமானிக்கு, முழங்கால் வலி தேவலையா?

சிரிக்காமல் படி. கிடங்கு மேற்பார்வையாளர் வேலையை, குடும்பத்தோடு தங்கத் தரும் வீட்டோடு சேர்த்துக் கோட்டைவிட்டேன்.

"நீங்க பாத்துக்கிறீங்களா?" என்று மேலாளர் கேட்டார். "எனக்கெதுக்குங்க அதெல்லாம்," என்று புது மாப்பிள்ளைபோல் நெளிந்தேன். இன்னொரு தடவை வற்புறுத்திய பிறகுதானே நாம் காபிக்கே தலையாட்டுவோம்? அவரோ, "சரி, விடுங்க," என்று லாரி ஓட்டுநரிடம் போய்விட்டார். அவன் உடனே, "பாத்துக்கிறேங்க," என்றுவிட்டான். இந்த நாட்டில் ஒரு தடவைதான் கேட்பார்கள். அவர்கள் வழக்கம் அது, யாரை நோவது?

நீ இங்கே வருவது இப்போதைக்கு இல்லை. உன் பழைய சேலை ஒன்று அனுப்பு, ஜன்னலுக்குத் திரை வேண்டும். புதிதாக வாங்கிவிடாதே, நீ கட்டியதே போதும். வேலைக்குப் போகும் வேன் வந்துவிட்டது.

பி.கு.: மேலாளர் நம் ஊர்க்காரர்தான்.