மதாம் வீட்டுக் கேக்கும் பேக்கரிப் பெட்டியும்

அம்மா,

குருசுக்குப்பம் பொதுமக்களுக்கும் உனக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், இன்று மாலை நம் வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு கேக் புட்டிங் உடையாமல், ஒழுகாமல், முழு உருவில் உறைந்தது. செய்தவர் உன் மகன். சேதாரம், அடிபிடித்த பால் பாத்திரம் ஒன்று.

கஸ்டர்ட் பவுடரைத் திறந்ததும் வந்த வெனிலா வாசனையில் கை அப்படியே நின்றுவிட்டது. புது டப்பாதான். வாசனைதான் பழசு.

செய்முறை எனக்கு மனப்பாடம். இயற்பியல் தவிர எல்லாமே எனக்கு மனப்பாடம். பேக்கரியில் வாங்கிய வெறும் ஸ்பாஞ்ச் கேக்கை நூல் வைத்து இரண்டாக அறுப்பாய். ஆரஞ்சு பிழிந்த சர்க்கரைத் தண்ணீரைக் கரண்டியால் தெளிப்பாய். நான் ஊற்றினால், "குளிப்பாட்டாதடா, தலைய நனச்சா போதும்" என்பாய். அப்புறம் கஸ்டர்ட், வாழைப்பழம், மேல் துண்டு, மறுபடி கஸ்டர்ட்.

தெருவில் அதற்கு மதாம் வீட்டுக் கேக் என்று பெயர். பீச் பக்கம் ஒரு பிரெஞ்சு மதாம் வீட்டில் நீ வேலை பார்த்தாய் அல்லவா, அவர்கள்தான் உனக்குக் கேக் சுடக் கற்றுக்கொடுத்தார்கள் என்று எல்லாரும் நம்பினார்கள். அங்கே நீ தேய்த்தது பாத்திரம், துடைத்தது தரை. ஆனாலும் நீ ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. எங்கள் பிறந்தநாளில் மட்டும் தெருப் பெண்கள் உன்னிடம் பக்குவம் கேட்பார்கள். நீ முந்தானையைச் சரிசெய்துகொண்டு பதில் சொல்வாய்.

என் பிறந்தநாள் ஒன்றில், தங்கச்சிப் பாப்பாவின் பொம்மைக் கூடைக்கு அடியில் ஸ்பாஞ்ச் கேக் வந்த பேக்கரிப் பெட்டி என் கையில் சிக்கியது. கூடம் நிறைய ஆள். மந்திரவாதி போல முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்து நீட்டினேன்.

"மதாம் வீட்டுக் கேக்க பத்திக் கேக்குறவங்களே, நல்லா பாத்துக்குங்க. மதாம் நம்ம பஜார்லயே கடை போட்டுட்டாங்க."

எதிர்வீட்டு பாக்கியம் அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான்தான் அன்றைய கதாநாயகன். நீயும் சிரித்தாய். "போதும்டா, தட்ட நீட்டு" என்றாய். அவ்வளவுதான்.

அடுத்த பிறந்தநாளுக்குப் பெயர் எழுதிய க்ரீம் கேக் கடையிலிருந்து வந்தது. அதற்கடுத்ததற்கும். அது ஏன் என்று எனக்கு உறைப்பதற்குள் நீ கோரிமேட்டில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாய். அங்கும் உன்னைச் சிரிக்க வைத்துக்கொண்டேதான் இருந்தேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை.

இன்று பாப்பாவுக்குப் பிறந்தநாள். அம்மா கேக்தான் வேண்டும் என்று அடம்பிடித்தாள். பாக்கியம் அக்கா ஒரு வாய் போட்டுக்கொண்டார். பிறகு, "அப்படியே உங்கம்மா கை. கேக்கும் நீயேவா சுட்ட?" என்றார்.

"ஆமாக்கா, நான்தான்."

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. பெட்டி அடுப்பு மேடையிலேயே கிடப்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. ஓடிப் பார்த்தேன், காணோம். பின்னாலேயே வந்த பாப்பா, தன் பொம்மைக் கூடையைக் கண்ணால் காட்டினாள்.

"அம்மா இருந்தப்பவும் இது என் வேலதாண்ணா. இந்த வாட்டி நீ வெளிய எடுத்துடாத."

ஆக, அறிவிப்பில் ஒரு திருத்தம். கேக் பேக்கரிக்காரர் சுட்டது. மானம் காத்தவள் பாப்பா. உன் மகன் செய்தது கஸ்டர்ட் மட்டும். அதுவும் கட்டி தட்டிப்போயிருந்தது.

பெட்டியை மடித்து என் ஸ்கூல் பையில் வைத்திருக்கிறேன். நாளை தெருவைத் தாண்டியதும் போட்டுவிட வேண்டும். போடுவேனா என்றுதான் தெரியவில்லை, அம்மா.