அஞ்சலீனுக்குச் சின்னமுத்து ஊசி

5.10.1999, செவ்வாய்

கிளினிக்கில் ஒன்பது மாதப் பிள்ளைகள் எல்லாருக்கும் சின்னமுத்து ஊசி, அதுதான் தட்டம்மைத் தடுப்பூசி, போட்டார்கள். என் அஞ்சலீனுக்கு மட்டும் இல்லை. போன மாதம் முட்டை மஞ்சட்கரு தின்று உதடு வீங்கி மூச்சிழுத்த கதையைச் சொன்னதும், மிட்வைஃப் ஊசியைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டார். மருந்தைக் கோழிக் கருவில் வளர்த்துத்தான் செய்கிறார்களாம். டொக்டரிடம் கேட்டுவிட்டு வரச் சொன்னார்.

அந்த மஞ்சட்கருவை ஊட்டியது நான்தான். ஒரு சின்னக் கரண்டி. சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாள் என் பிள்ளை.

8.10, வெள்ளி

அரை நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் நல்ல மனுஷி. ஊசி போடலாம், பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, ஆனாலும் கிளினிக்கில் வேண்டாம், இங்கே போட்டு இரண்டு மணித்தியாலம் வைத்துப் பார்ப்போம் என்றார். மற்ற எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு அந்தப் 'பெரும்பாலும்' ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

தகப்பனோடும் கதைத்து முடிவெடுங்கள் என்றார். தலையாட்டினேன்.

10.10, ஞாயிறு

என் மனிசன் கிளெமென்றைப் பார்க்கச் சிறைக்குப் போனேன். சந்தேகத்தில் பொலிஸ் அவரைக் கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு போய் ஐந்து மாதம். வழக்கும் இல்லை, விடுதலையும் இல்லை. கம்பிவலைக்கு அந்தப் பக்கம் இருபது பேர், இந்தப் பக்கம் இருபது பேர். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்த வேண்டும், பத்து நிமிடம். நான் ஊசியைப் பற்றிக் கத்தினேன்.

"வேண்டாம் செலீன். நான் வாற வரைக்கும் ஒண்டும் குத்தக் குடுக்காத."

எப்ப வருவீங்கள்? நான் கேட்கவில்லை. கேட்டால் அந்த மனிசன் என்னத்தைச் சொல்லும்? பஸ்ஸில் கோபம் கோபமாக வந்தது. அவரோடு கோபிக்கவும் முடியாது என்பதால் இன்னும் கூடக் கோபம்.

12.10, செவ்வாய்

கீழ்வீட்டு றோஸி அக்கா சொல்கிறார்: "அந்தோனியாரிட்ட ஒப்படைச்சிட்டுப் பேசாம இரு பிள்ளை."

காணாமற்போனதைத் தேடித் தருகிற புனிதர் அந்தோனியார்; ஊர்ச் சாமான்களைத் தேடவே அவருக்கு நேரம் காணாது. கிளெமென்றையும் அவரிடம்தான் ஒப்படைத்திருக்கிறேன்.

15.10, வெள்ளி

எதிர்வீட்டு மர்லியாவின் மகனுக்குச் சின்னமுத்து. நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விட முடியாமல் வார்ட்டில் கிடக்கிறானாம். ஜன்னல்களை எல்லாம் சாத்தினேன். சாத்தினால் வராதா?

16.10, சனி

போட்டு ஏதும் நடந்தால், தாய் கொன்றாள் என்பார்கள். போடாமல் நடந்தால் விதி என்பார்கள். நான் அந்த விதிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறேனா?

17.10, ஞாயிறு

சிறைக்குப் போகவில்லை. போனால் திரும்பவும் வேண்டாம் என்பார்.

20.10, புதன்

ஊசியைப் போட்டுவிடுவதென்று முடிவெடுத்தேன்; ஆஸ்பத்திரிக்கு றோஸி அக்கா கூட வருவதாக இருந்தார். நேற்று எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாக ஆமி செக்கிங், இரண்டு பேரைக் கொண்டுபோனார்கள். விடிய வந்து, "குறை நினைக்காத பிள்ளை, எனக்கு வெளிக்கிடப் பயமாக் கிடக்கு" என்றார். அவரைக் குறை சொல்லி என்ன?

போனோம், நானும் அவளும். ஆமிக்காரர் நிற்கும் சென்ட்ரி பொயின்ற்றில் பால்போத்தலைத் திறந்து பார்த்தார்கள். ஒன்பதரைக்கு ஊசி. வீரிட்டு அழுதாள், பிறகு அடங்கினாள். அடங்கியதும் மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். உதட்டைப் பார்ப்பதும் வயிற்றில் தடிப்பு இருக்கிறதா என்று சட்டையைத் தூக்குவதுமாக இருந்தேன். பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளைக்குத் தாய், தகப்பன், மாமி என்று மூன்று பேர். எனக்கு ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது. பிள்ளையை யாரிடம் கொடுப்பது? அடக்கிக்கொண்டு இருந்தேன், இரண்டு மணித்தியாலமும்.

ஒன்றும் ஆகவில்லை. டொக்டர் வந்து பார்த்துவிட்டு, போகலாம் என்றார். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே கக்கூசுக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். அவள் என் மூக்கைப் பிடித்து இழுத்தாள்.

24.10, ஞாயிறு

திட்டினால் திட்டட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் சிறைக்குப் போனேன்.

"ஊசி போட்டிட்டன். பிள்ளை சுகம்!"

கிளெமென்ற் நெற்றியைக் கம்பிவலையில் வைத்தார்.

"தனியவா போனனீ?"

"ஓம்."

"பயந்தனியா?"

அதற்குள் நேரம் முடிந்ததென்று காவலர்கள் கைதிகளைத் தள்ளிக்கொண்டு போகத் தொடங்கிவிட்டார்கள். ஓம், ஓம் என்று கத்தினேன். அந்த இரைச்சலில் அவருக்குக் கேட்டதோ தெரியாது.