ஏலகிரியிலிருந்து இறங்குவது

பிப்ரவரி 3, திங்கள்

ஆம்பூரில் பனி. ஐந்தரைக்கே சைக்கிளில் கிளம்பி ஏலகிரி. ஏற்றம் நன்றாக. பதினான்கு வளைவும் நிற்காமல்.

இறங்க முடியவில்லை. மேலே நின்று தண்ணீர் குடித்தேன். மறுபடி குடித்தேன். டிசம்பரில் விழுந்த ஒன்பதாவது வளைவே கண்ணில். தோள் எலும்பு கூடிவிட்டது என்று வேலூர் டாக்டர் சொல்லியாயிற்று. பிறகு என்ன பயம்?

முன்சக்கரத்தைக் கழற்றி, சைக்கிளோடு பஸ் ஏறினேன்.

கண்டக்டர்: "இன்னாம்மா, ரிப்பேரா?"

"ஆமாண்ணா. செயின் அறுந்துடுச்சு."

பொய். அடிவாரத்தில் இறங்கி, அதே செயினில் வீடு வந்தேன்.

ரேஸுக்கு இன்னும் பதிமூன்று நாள். லட்சக்கணக்கான பேர் என் இணையப் பக்கத்தைப் பார்ப்பதே நான் மலையிறங்கும் வீடியோவுக்காக. பக்கத்தின் பெயர் ஏலகிரி மின்னல்.

வாங்க வேண்டியவை: பிரேக் கட்டை, குளுக்கோஸ், அம்மாவுக்குத் தைலம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

பஸ்ஸில் யாரோ போட்டோ எடுத்திருக்கிறார்கள். மடியில் சக்கரம், கண் மூடியபடி நான். கீழே: "மின்னல் பஸ்ல போகுது. செயின் அறுந்துச்சாம்." நூற்றுக்கணக்கில் சிரிப்பு. எல்லாவற்றையும் படித்தேன். படித்திருக்கக் கூடாது.

அம்மா ஷூ ஃபேக்டரியிலிருந்து வந்ததும்: "லஞ்சுல எல்லாரும் போன்ல காட்டினாங்க. செயின் அறுந்துச்சாமே. நேத்து அதுலதான வீட்டுக்கு வந்த?"

அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தாள்.

பிப்ரவரி 6, வியாழன்

வெயில் ஜாஸ்தி. டீம் மேனேஜர் போன். "செயின் போச்சுன்னு ஒரு வீடியோ போட்டுடு. ஸ்பான்சர் கேக்கறாங்க."

பழைய செயின் ஒன்றைக் கையில் பிடித்து நான்கு முறை எடுத்தேன். நான்காவதில் சிரிப்புகூட சரியாக வந்தது. அதைப் பார்த்ததும் அழித்துவிட்டு அவரையே கூப்பிட்டேன்.

"சார், செயின் போகல. விழுந்ததுலேர்ந்து நான் இறங்கவே இல்ல. பயமா இருக்கு."

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"ரேஸ் லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுவீங்கன்னுதான்."

"சனிக்கிழமை மேரியோட இறங்கு. பார்த்துட்டு சொல்றேன்."

மேரி எங்கள் டீமில் முதல் ஆள். அவள் பக்கத்தைப் பார்ப்பவர்கள் கம்மி. ஜெயிப்பதெல்லாம் அவள்தான்.

சோறு இறங்கவில்லை.

பிப்ரவரி 8, சனி

மேரி ஒடுகத்தூரிலிருந்து வந்தாள். மலை உச்சியில் சொன்னது இவ்வளவுதான்: "என் பின்டயரைப் பாரு. வேற எதையும் பார்க்காத."

எல்லா வளைவிலும் பிரேக். ஒன்பதாவதில் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டேன். உருட்டிக்கொண்டு பத்தடி நடந்தேன். மேரி முன்னால் நின்றாள், திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி ஏறினேன். சிலிண்டர் வண்டி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது.

கீழே வந்தபோது பிரேக் பிடித்த விரல்களை நீட்ட முடியவில்லை. ஹெல்மெட் கொக்கியை மேரிதான் கழற்றினாள். மேனேஜரிடம் பேசியதும் அவளே.

"இன்னா சொன்னாரு?"

"லிஸ்ட்ல இருக்க. மேல ஏர்ற வரைக்கும் எனக்கு முன்னாடி போயி எதிர்காத்தை நீ வாங்கிக்கணும், எனக்கு பலம் மிச்சமாவும். அப்புறம் மெதுவா வா, போதும்."

வீடு வந்ததும் பக்கத்தில் எழுதிப் போட்டேன். செயின் அறுந்துபோகவில்லை, பயந்துதான் பஸ் ஏறினேன் என்று. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அம்மா வெளியறையில் பதில்களை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிக்கிறாள். கதவைச் சாத்தினேன். இன்னும் கேட்கிறது.