நடுவில் எதை மாற்றினீர்?

நேற்று சாயங்காலம் கரியாஹாட் முனையில் கடலை வாங்கினேன். கடலைக்காரர் சுருட்டிக் கொடுத்த பொட்டலம், இங்கே தோங்கா என்பார்களே, அது நம்ம ஆபீஸ் காகிதம் மாதிரியே இருந்தது. வெளிர்பச்சைப் பட்டை, வெள்ளைப் பட்டை, ஓரம் முழுக்க ஓட்டை. எந்தக் கம்ப்யூட்டர் அச்சடித்ததோ, யார் எடைக்குப் போட்டார்களோ. கடலையைச் சட்டைப்பைக்குள் கொட்டிக்கொண்டு, பொட்டலத்தைப் பிரித்து, டிராம் தண்டவாளத்தை ஒட்டி நின்றபடியே வரி வரியாகப் பார்த்தேன். ஏழாவது வரியில் ஓர் எண் பக்கத்துக் கட்டத்துக்குள் புகுந்திருந்தது. கம்ப்யூட்டருக்குக் கொடுத்த கார்டில் ஒரு கட்டம் தள்ளி ஓட்டை போட்டிருப்பார்கள்.

“நடுரோட்டுல நின்னுக்கிட்டு அப்படி என்ன படிப்பு?” என்றாள் சாரதா.

“தப்பு இருக்கு.”

“யாரோட தப்பு?”

“தெரியலை.”

“உங்களது இல்லைல்ல? அப்ப வாங்க, பஸ் போயிரும்.”

வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் உம்முடைய ஞாபகம்தான். அந்தக் காகிதத்தை நீர் பார்த்திருந்தால் விட்டுவிட்டு வந்திருக்க மாட்டீர். நீர் போய் நாலு மாதம் ஆகிறது. செத்துப்போன ஆளுக்குக் கடிதம் எழுதுவது பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் உயிரோடு நாலு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்த ஆளிடம் ஆறு வருஷம் பேசாமல் இருந்தேனே, அதைவிடவா இது பைத்தியக்காரத்தனம்? நான் உமக்கு என்ன செய்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

நாம் வேலைக்குச் சேர்ந்தது மெட்ரோவுக்காகச் சௌரங்கியைத் தோண்டிப் போட ஆரம்பித்திருந்த சமயம். கம்பெனியில் கம்ப்யூட்டர் வந்த புதிது. நான் கும்பகோணம், நீர் திருநெல்வேலி. இரண்டு தமிழர்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் வேலை நடக்காது என்று யாரோ மேலே முடிவு செய்து நாலு மேஜை தள்ளிப் போட்டார்கள். முதல் நாளே நீர் வந்து, “என்னவே, கும்மோணமா? காப்பி நல்லா இருக்கும்லா?” என்றீர். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட ‘வே’யும் ‘நீரு’ம் என்னை விடவே இல்லை. ஒரு தடவை வாய் தவறி வீட்டில் சாரதாவை ‘நீர்’ என்று சொல்லி, “நான் என்ன உங்க ஆபீஸ் ஆளா?” என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்தக் காலத்து வேலையை இப்போது வருகிற பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். புரோகிராமைக் காகிதத்தில் எழுத வேண்டும். வரிக்கு ஒரு கார்டு அட்டை என்று ஓட்டை போட்டுக் கட்டாக வரும். சாயங்காலம் அதை மெஷின் ரூம் ஜன்னலில் வைத்தால் மறுநாள் காலையில்தான் பதில். ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் ஒரு நாள் போச்சு. அதனால் மெஷினிடம் கொடுப்பதற்கு முன்னால் நாமே பென்சிலை வைத்துக்கொண்டு, நாமே மெஷின் மாதிரி, வரிவரியாக ஓட்டிப் பார்ப்போம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம், மெஷினை ஓட்டுகிற மானிக்தா. அவரிடம் யாராவது மெஷினில் ஏதோ கோளாறு என்று சொல்லிவிட்டால் போதும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார். “மெஷின் தப்பு செய்யாது, தாதா. உங்க கார்டைப் பாருங்க” என்று வங்காளத்தில் அண்ணன் முறை வைத்துச் சொல்லிவிட்டுக் கட்டைத் திருப்பித் தள்ளுவார். தப்பு எப்போதும் நம்முடையது. அதைக் கண்டுபிடித்துக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஜன்னலுக்குப் போக வேண்டும். இது நம் ரத்தத்தில் ஊறிப்போயிற்று.

தப்பைக் கண்டுபிடிக்க உம்மிடம் ஒரே கேள்விதான் உண்டு. “நேத்து ஓடிச்சா? ஓடிச்சின்னா நடுவுல எதை மாத்தினீரு?” பிறகு ஒரு கட்டளை: ஒரு நாளைக்கு ஒரு கார்டை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

ஆபீஸோடு விட்டோமா? ஒரு நாள் சாம்பார் கசந்தது. நான் பாட்டுக்கு, “நேத்து நல்லா இருந்ததே, நடுவுல எதை மாத்தினே?” என்று கேட்டுவிட்டேன். “ஒண்ணும் மாத்தலை. வேணும்னா நாளைக்குச் சமைக்கிற ஆளை மாத்திப் பாருங்க” என்றாள் சாரதா. மறுநாள் நான்தான் சமைத்தேன்.

உம்முடைய கதை இன்னும் மோசம். முதுகெல்லாம் அரிப்பு என்று முதல் வாரம் சோப்பை மாற்றினீர். அடுத்த வாரம் எண்ணெய். அதற்கடுத்த வாரம் தலையணை. நாலாவது வாரம்தான் புதுப் பனியன் என்று கண்டுபிடித்து, ஏதோ பரிசு வாங்கியவர் போல ஆபீஸில் வந்து சொன்னீர். முதல் நாளே மதினி சொல்லிவிட்டார்களாம். “பனியன்தான்னு அன்னைக்கே சொன்னேன். சோதிச்சுப் பாக்காம ஒத்துக்கிட மாட்டாகளாம்” என்று என்னிடம் தலையில் அடித்துக்கொண்டார்கள். பவானிப்பூரிலிருந்து சாந்த்ராகாச்சிக்கு வீடு மாறிய பிறகும் முடிவெட்டிக்கொள்ளப் பவானிப்பூருக்கே வந்தீரே. “வீட்ட மாத்தியாச்சு. இப்பம் வேற எதையும் மாத்தப்படாது” என்றீர். நல்லவேளை, பல் விளக்குவதையாவது விட்டுவைத்தோம்.

சனிக்கிழமை அரை நாள். ஒன்றரை மணிக்கு இறங்கி, நடந்தே படித்துறைக்குப் போய், லாஞ்சில் ஆற்றைக் கடந்து ஹவுராவுக்கு. உம்மை சாந்த்ராகாச்சி ரயிலில் ஏற்றிவிட்டு நான் அதே லாஞ்சில் திரும்புவேன். எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் கிடையாது. எட்டொன்பது வருஷம் இப்படிப் போய் வந்திருக்கிறேன். என்ன பேசினோம் என்று கேட்டால் ஒன்றுகூட உருப்படியாக நினைவில் இல்லை. பேசிக்கொண்டே இருந்தோம், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் மறக்காது. அப்பா போய்விட்டார் என்று தந்தி வந்த அன்று நான் அழவில்லை. மேஜையில் உட்கார்ந்துகொண்டு, போன வாரக் கடிதத்தில் அப்பா நன்றாகத்தானே இருந்தார், நடுவில் எது மாறியது, எது மாறியது என்று உளறிக்கொண்டிருந்தேன். நீர் வந்து என் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கினீர். “இது கார்டு இல்லவே. அழும்” என்றீர். அழுதேன். எல்லார் முன்னாலும் உம்முடைய சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். எதைத் தேட வேண்டும், எதைத் தேடக் கூடாது என்று தெரிந்த ஆள் நீர். அதனால்தான் எனக்கு ஆறவே இல்லை.

பூஜை லீவு முடிந்து வந்த அந்தத் திங்கட்கிழமை. மாடிப்படியில் எதிரெதிரே பார்த்தோம். நீர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனீர். ‘என்னவே’ இல்லை, ‘பூசை எப்படி’ இல்லை, ஒன்றும் இல்லை. வேலை இருக்கும் போல என்று நினைத்தேன். அந்தச் சனிக்கிழமை என்னைக் கூப்பிடாமல் இறங்கிவிட்டீர். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், குடையை இடுக்கிக்கொண்டு படித்துறைப் பக்கம் தனியாகப் போய்க்கொண்டிருந்தீர்.

தப்பு என்னுடையதுதான். அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. லீவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமையைக் காலை பத்திலிருந்து வரிவரியாக ஓட்டிப் பார்த்தேன். உம்முடைய கட்டில் ஒரு கார்டு தலைகீழாக இருந்ததை மானிக்தாவிடம் சிரித்துக்கொண்டே காட்டினேன் அல்லவா, அதுவாக இருக்கும். அடுத்த வாரம் எல்லார் காதிலும் விழும்படி உம்முடைய புரோகிராமைப் புகழ்ந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சரி, பூஜை முடிந்து பிஜயாவுக்கு எல்லாரும் எல்லார் வீட்டுக்கும் போகிற ஊரில், அந்த வருஷம் நான் உம்முடைய வீட்டுக்கு வரவில்லை. அதுவாக இருக்கும். ஒரு பெட்டி சந்தேஷ் வாங்கி மானிக்தாவிடம் கொடுத்து உம்முடைய மேஜைக்கு அனுப்பினேன். நீர் அதைப் பிரித்து ஆபீஸ் முழுக்க விநியோகித்து, என்னிடமும் வந்து நீட்டினீர். “எடுத்துக்கிடும்” என்றீர். நான் அனுப்பியதில் ஒன்றை நானே தின்றேன். யார் கொடுத்தது என்று மானிக்தா உம்மிடம் சொன்னாரா இல்லையா என்று அதற்கு மேல் ஒரு குழப்பம்.

இப்படியே, ஒரு சமயத்தில் ஒன்று, ஒரு சமயத்தில் ஒன்று. முதல் வருஷம் போனது தெரியவில்லை. நடுவில் கார்டெல்லாம் போய்க் கம்ப்யூட்டர்த் திரை வந்தது. நாம் மட்டும் “டேப் வந்துச்சா”, “வந்துச்சு” என்ற அளவில் நின்றோம். “போய்க் கேளுங்களேன், வாயில என்ன கொழுக்கட்டையா?” என்பாள் சாரதா. “தப்பு எதுன்னு தெரியாம எதைக் கேக்கறது? தெரிஞ்சதும் போய்க் கேக்கறேன்” என்பேன். செய்ததையும் செய்துவிட்டு, என்ன செய்தேன் என்று வேறு கேட்கிறான் பார் என்று நீர் நினைத்துவிட்டால்? அந்தப் பயம் எனக்கு.

பிறகு ஒரு புதன்கிழமை நீர் வரவில்லை. மார்வலி என்றார்கள். மத்தியானம் ஆளே இல்லை என்றார்கள். ஆபீஸோடு சேர்ந்து சுடுகாட்டுக்கு வந்தேன், ஆபீஸோடு சேர்ந்து திரும்பினேன். பதினாறாம் நாள்தான் சாந்த்ராகாச்சிக்குத் தனியாக வந்தேன்.

எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு மதினி என் எதிரே வந்து உட்கார்ந்தார்கள்.

“அண்ணாச்சி, அவுக மேல உங்களுக்கு என்ன கோவம்?”

எனக்குப் புரியவில்லை. “எனக்கா? கோவமா?”

“பூசை லீவு முடிஞ்சு போன அன்னைக்கு நீங்க தலைய மட்டும் ஆட்டிட்டுப் போயிட்டீகளாம். அன்னையிலேருந்து அதே ரோசனைதான் அவுகளுக்கு. போயிக் கேளுங்களேன்னு நானும் எத்தனை தரம் சொல்லிருப்பேன். ‘தப்பு எம்மேலதான், கேட்டியா. எங்கனதான்னு பிடிபட மாட்டேங்கு. பிடிபட்டதும் போயிச் சொல்லிருதேன்’ம்பாக.”

“அவர்தானே மதினி தலையை மட்டும் ஆட்டினார்” என்றேன். “நானும் வீட்டுல இதையேதான் சொல்லிக்கிட்டிருந்தேன். இதே வார்த்தை.”

மதினி என்னையே பார்த்தார்கள். சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது, அது அழுகையாகப் போயிற்று. “மெத்தப் படிச்ச ரெண்டு பேரு. ஒரு வார்த்த கேக்கத் தெரியலையே” என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

அன்றிலிருந்து எனக்குத் தலை கால் புரியவில்லை. இரண்டு பேரும் எப்படி முதலில் தலையாட்டியிருக்க முடியும்? யாராவது ஒருவர் ஓர் இமைப்பொழுதாவது முந்தியிருக்க வேண்டும். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். மாடிப்படி. நீர் மேலே ஏறுகிறீர், நான் கீழே இறங்குகிறேன். உம்முடைய தலை ஆடுவது தெரிகிறது. என்னுடைய தலை? என் தலையை நான் பார்க்கவில்லையே. ஒருவேளை நான்தான் ஆரம்பித்தேனோ? அப்படியானால் நீர் வெறுமனே பதிலுக்கு ஆட்டியிருக்கிறீர். இல்லை, நீர் ஆரம்பித்து நான் பதிலுக்கு ஆட்டினேனா? இரண்டு விதமாகவும் ஓட்டினால் இரண்டு விதமாகவும் சரியாகத்தான் ஓடுகிறது. தப்பு எங்கேயும் இல்லை. தப்பே இல்லாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு நாம் இரண்டு பேரும் ஆளுக்கு ஆறு வருஷம் தப்பைத் தேடியிருக்கிறோமா? அப்படியென்றால் நம் பேச்சு எப்படி நின்றுபோயிற்று? எனக்கு விளங்கவில்லை. உம்மிடம் கேட்கலாம் என்றால் நீர் இல்லை.

பழக்கம் என்னை விட்டபாடில்லை. சனிக்கிழமை ஆனால் கால் படித்துறைப் பக்கம் போய், பாதியில் திரும்புகிறது. போன வாரம் காலையில் சாரதா என்னிடம் பேசவே இல்லை. காப்பியை டக்கென்று வைத்துவிட்டுப் போனாள். உடனே உள்ளே ஓட ஆரம்பித்துவிட்டது: நேற்றுப் பேசினாளா? பேசினாள். நடுவில் நான் எதை மாற்றினேன்? அவளுடைய அண்ணன் கடிதத்துக்குப் பதில் போடவில்லையே, அதுவா? கோயிலுக்கு வருகிறேன் என்று வராமல் போனேனே, அதுவா? காப்பி ஆறிப்போயிற்று. திடீரென்று எனக்கே என்மேல் ஆத்திரம் வந்தது. எழுந்துபோய் அடுப்படி வாசலில் நின்று, “என்மேல கோவமா?” என்று கேட்டேன்.

“பல்வலி” என்றாள்.

அவ்வளவுதான். நான் அங்கேயே நின்றேன். என்ன ஆயிற்று என்று அவள் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

அந்தத் திங்கட்கிழமை உமக்குப் பல்வலியா வே?