சுவரோரம் சிக்கிய ஸ்கேல்

அப்பா,

இன்று உங்கள் வேலைப் பையைத் திறந்தேன். தேக்குத்தூள் வாசனை முதலில் வந்தது. வழக்கமாக அதன் பின்னால் நீங்கள் வருவீர்கள். அடியில், ஆப்புக் கட்டைகளோடு என் மர ஸ்கேல் இரண்டு துண்டாகக் கிடந்தது. 'டாக்டர்' என்று எனக்கு நானே பட்டம் போட்டு எழுதிய பெயர் இன்னும் அழியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த வீட்டு மாடிக்கு நீங்கள் மரத்தரை போட்ட கடைசி நாள். ராஜபாளையத்திலிருந்து சோறு கொண்டுவந்திருந்தேன். "சுவத்தோரம் அரை இஞ்சு இடம் கிடக்கே, பலகை பத்தலியா, அளவு பத்தலியா?" என்று வம்பிழுத்தேன்.

"மழைக்கு மரம் ஊதும்லே. நகர இடமில்லேன்னா நடுவுல தூக்கிரும்."

சொல்லிக்கொண்டே, இடைவெளிக்காகச் சொருகியிருந்த ஆப்புகளை ஒவ்வொன்றாக உருவினீர்கள். நீங்கள் கை கழுவப் போன செத்த நேரத்தில், கதவோரம் அவற்றைத் திரும்பச் சொருகினேன். கட்டை பத்தாத இடத்தில் ஸ்கேலை ஒடித்து, அடுக்கி வைத்தேன். அப்பாவுக்கே ஆப்பு என்று உள்ளுக்குள் ஒரே சிரிப்பு.

இடைவெளியை மூடும் ஓரப்பட்டியை அடிக்கும்போது பார்த்துவிட்டு "ஏலே!" என்று கத்துவீர்கள் எனக் காத்திருந்தேன். கரண்ட் போய்விட்டது. அந்த மூலை இருட்டு. குனிந்து பார்க்காமலே அடித்துவிட்டீர்கள். சொல்ல வாயெடுத்தேன். திட்டு விழுமே என்று மென்று முழுங்கினேன்.

ஐப்பசி மழையில் தரை முதுகைத் தூக்கியது. வீட்டுக்கார ஐயா போனில் கத்தியது அடுப்படிவரை கேட்டது: "இம்புட்டு வருசம் என்னத்தய்யா வேலை பாத்தீரு?" நீங்கள் போய்ப் பிரித்து, மூன்று நாள் இருந்து சரிசெய்துவிட்டு வந்தீர்கள்.

"என்னாச்சுப்பா?"

"இடம் விட மறந்துட்டேம்லே."

மாட்டவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் தெம்பில், "ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பீக, நீங்களே மறந்துட்டீகளா?" என்று கேலி வேறு. அம்மா சிரித்தாள். நீங்களும்தான். பொறவு என் பக்கம் திரும்பி, "வேற ஏதும் சொல்லணுமாலே?" என்றீர்கள்.

"ஆமா. உங்களுக்கு வயசாயிருச்சு."

அதற்கப்புறமும் ரெண்டு மூணு தடவை, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால், அதே கேள்வி. ஒவ்வொரு தடவையும் என்னிடம் ஒரு ஜோக் தயாராக இருந்தது. மாசியில் உங்களுக்கு நெஞ்சு வலித்தபோது எதையும் சொல்ல நேரமில்லாமல் போயிற்று.

ஸ்கேலைத் தூக்கி எறிந்திருக்கலாம். என் முகத்துக்கு முன்னால் நீட்டியிருக்கலாம். பையிலேயே வைத்துக்கொண்டு, அந்த ஐயாவிடம் தப்பை உங்கள் மேலேயே போட்டுக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறுகிறேன். ஸ்கேலின் ரெண்டு துண்டும் சட்டைப் பையில் இருக்கும். அந்த ஐயா கதவைத் திறந்ததும் சொல்லவேண்டியதை இப்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதில் ஜோக் எதுவும் இல்லை.

"எங்கப்பா இடம் விட்டிருந்தாரு ஐயா. அடைச்சது நான்."