அணைக்காதே

செம்பூர்
9 பிப்ரவரி 2025

செல்வமேரிக்கு,

வியாழக்கிழமை நம் கட்டடத்தில் மின்சாரம் போகவில்லை. இது உறுதி. சொன்னவர் கீழ்வீட்டு மாலதி. அன்று காலை முழுக்க லிப்ட் ஓடியதாம், அவர் வீட்டு வாஷிங் மெஷினும் ஓடியதாம்.

நேற்று நான் வசாயில் துக்கவீட்டிலிருந்து திரும்பி வந்தபோது ஹாலில் கம்ப்யூட்டர் இருட்டாக இருந்தது. "வியாழக்கெழம கரண்ட் போச்சு, உங்க பொட்டி நின்னுட்டு" என்றாய். கரண்ட் போனால் அதன் கீழே இருக்கும் யூ.பி.எஸ். கீச்சிடும். "உங்க ரெண்டாம் பொண்டாட்டி கூப்புடுதா" என்று கேலி செய்கிறவள் நீ. அது கத்தியதாக நீ சொல்லவில்லை. வியாழன் காலையிலிருந்து என் இணையதளப் பக்கம் திறக்கவில்லை என்று வழக்கறிஞர் சாதனாவும் சொல்லிவிட்டார்.

அப்படியானால் அதை அணைத்தது நீ. அணைத்த கையே அதைப் போடட்டும் என்று நான் தொடாமல் வைத்திருக்கிறேன்.

நேரில் கேட்டால் என் குரல் உயரும். அதனால் எழுதித் தண்ணீர் ஃபில்டர் அடியில் வைக்கிறேன்.

பத்திரிகையில் இருந்தபோது நான் எழுதிய இரண்டு செய்திகளை முதலாளி ஒரு போன் வந்ததும் எடுத்துவிட்டார். அந்தக் கோபத்தில்தான் என் இணையதளத்தை எந்தக் கம்பெனியிடமும் கொடுக்காமல் நம் ஹாலிலிருந்தே ஓட்டுகிறேன். யாரும் எட்டிப் பிடித்து நிறுத்த முடியாது என்று நினைத்தேன். உன் கையை நான் கணக்கில் எடுக்கவில்லை.

நவம்பரில் தாராவியில் உன் தம்பி சாஜனின் பை தைக்கும் கார்கானாவில் பசை டின் பற்றி எரிந்து தையல்காரர் தௌஃபீக் இறந்தார். கம்பிக் கதவு வெளியே பூட்டியிருந்ததா என்பதுதான் கேள்வி. சாஜன் இல்லை என்கிறான். கதவில் தொங்கிய பூட்டின் படம் என் பக்கத்தில் இருக்கிறது. தீ அணைந்த பிறகு போட்ட பூட்டு என்கிறான். தௌஃபீக் குடும்பத்துக்காகச் சாதனா வாதாடும் இழப்பீட்டு விசாரணை இந்த மாதம். நீ அணைத்தது இந்தப் பக்கத்தைத்தான்.

ஏன்?

இன்னாசிமுத்து

*

10 பிப்ரவரி

ரெபேக்கா அப்பாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். மாலதியிடம் விசாரித்தீர்கள், சாதனாவிடம் விசாரித்தீர்கள். என்னிடம் கடைசியாக.

நான்தான் அணைத்தேன். பொய் சொன்னதும் நான்தான். சாஜன் போன் செய்தான். "அக்கா, ரெண்டே நாளு. பெரிய பார்ட்டி பை மால் பாக்க வாரான், எம்பேர தேடுனா அத்தான் எழுதுனதுதான் மொதல்ல வருது. ஆர்டர் போச்சுன்னா இருவது ஆளு தெருவுல நிக்கும்" என்றான். இருபது ஆளுக்காக என்று நினைத்து அணைத்தேன். இரண்டு நாள் கழித்துப் போட மறந்துபோனேன். உங்கள் யூ.பி.எஸ். மாதிரி எனக்குக் கத்தத் தெரியாது.

என் கோபத்தையும் கேளுங்கள். ஹாலில் ஒரு ஃபேன்தான் இருக்கிறது. அது பெட்டியைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. மே மாதத்தில் எனக்கு வியர்க்கலாம், பெட்டிக்கு வியர்க்கக் கூடாது. சுவிட்சின் மேல் 'அணைக்காதே' என்று சீட்டு ஒட்டினீர்கள். மூன்று வருடமாகத் தூசி துடைக்கும்போதெல்லாம் அதைப் படிக்கிறேன். பெட்டிக்கு எழுதியது இந்த வீட்டுக்கே பொருந்திவிட்டது.

இன்னொன்று. முதலாளி பெயர், சந்தின் பெயர், பூட்டின் அளவு எல்லாம் எழுதினீர்கள். அந்த முதலாளி உங்கள் மச்சினன் என்று ஏன் எழுதவில்லை? நான் சுவிட்சை அணைத்தேன். நீங்கள் ஒரு வரியை அணைத்தீர்கள்.

நான் மாஹிமுக்கு, சாஜன் வீட்டுக்குப் போகிறேன். பெட்டியைப் போட்டுவிட்டுத்தான் போகிறேன். மீன் குழம்பு ஃபிரிட்ஜில் இருக்கிறது.

ரெபேக்கா அம்மா

*

செம்பூர்
14 பிப்ரவரி

செல்வமேரிக்கு,

தளம் ஓடுகிறது. மாலதி தன் போனில் திறந்து காட்டினார்.

நீ சொன்னதைச் சரிபார்த்தேன். சரிதான். இன்று பக்கத்தின் தலையிலேயே சேர்த்துவிட்டேன்: "இந்தக் கார்கானாவின் உரிமையாளர், இதை எழுதுபவரின் மனைவியின் தம்பி." கோயிலில் யாரும் உன்னைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்றுதான் அதை விட்டிருந்தேன். என் பெயருக்காக விட்டேன் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள்.

என் கோபம் குறையவில்லை. தௌஃபீக்கின் மனைவி பரீஹாவுக்கு, தன் கணவர் எப்படி இறந்தார் என்று எழுதியிருக்கும் இடம் உலகத்தில் அந்த ஒரு பக்கம்தான். தினமும் திறந்து பார்க்கிறாராம். அது காணாமல் போனதும் நானும் விலைபோய்விட்டேன் என்று நினைத்திருக்கிறார். சாதனாவிடம் கேட்டாராம், "அவரும் அந்த முதலாளியும் ஒரே சாதிசனமா?"

நவம்பரிலிருந்து உன்னிடம் ஒன்றைக் கேட்காமல் இருக்கிறேன். தீப்பிடித்த மதியம் நீ மாட்டுங்காவில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தாய். வீட்டுக்குப் பை நிறையக் காயோடு வந்து, சமைக்காமல் படுத்துக்கொண்டாய். அன்று சாஜன் உனக்குப் போன் செய்தானா? என்ன சொன்னான்?

மனைவி என்பதால் கேட்கவில்லை. இப்போது நிருபராகக் கேட்கிறேன்.

இன்னாசிமுத்து

*

மாஹிம்
20 பிப்ரவரி

திரு. இன்னாசிமுத்துவுக்கு,

சாவி சாஜனிடம்தான் இருந்தது. சொன்னவன் சாஜன். கேட்டவள் நான். நீங்கள் எழுதும் முறையில் எழுதியிருக்கிறேன்.

"அக்கா, நான் மாஹிம்ல நிக்கேன், சாவி எம்பையில கெடக்கு, உள்ள ஆளு இருக்கு" என்று அழுதான். அவ்வளவுதான். மால் திருட்டுப் போகிறதென்று வெளியே பூட்டிவிட்டுச் சாப்பிட வந்திருக்கிறான். ஓடுடா என்றேன். அவன் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

அவனை நான்தான் தூக்கி வளர்த்தேன். அதனால் வாயை மூடிக்கொண்டேன். நீங்கள் கேட்டிருந்தால் நவம்பரிலேயே சொல்லியிருப்பேனோ என்னவோ. நீங்கள் கேட்கவில்லை. இரவும் பகலும் பெட்டியோடு உட்கார்ந்திருந்தீர்கள்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆர்டர் கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு போட்டு, "அத்தான் பொட்டி ரெண்டு நாளு தூங்குச்சு, நம்ம பொழப்பு முழிச்சிக்கிட்டு" என்று சிரித்தான். செவ்வாய்க்கிழமை புதுக் கார்கானாவைக் காட்டக் கூட்டிப்போனான். உள்ளே பன்னிரண்டு பேர் தைத்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துவிட்டு வெளியே வந்ததும் கம்பிக் கதவை இழுத்துப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். அவனுக்கு அது கைப்பழக்கம். பூட்டினோம் என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. "தொறடா" என்று நான் போட்ட சத்தத்தில் சந்தே திரும்பிப் பார்த்தது. எனக்கும் கத்தத் தெரியும் என்று அன்றுதான் தெரிந்தது.

திறந்தான். அதன்பிறகு என்னோடு பேசவில்லை.

நேற்று சாதனாவைப் போய்ப் பார்த்தேன். சாவியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். பரீஹாவும் அங்கே இருந்தார். என்னைத் திட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்த வீட்டில் இனி எனக்கு இடமில்லை. நாளை ரெபேக்கா வீட்டுக்கு, டிராம்பேக்குப் போகிறேன். கிளம்பி வந்த அன்று உங்கள் 'அணைக்காதே' சீட்டை உரித்து எடுத்து வந்தேன். என் பர்ஸில் இருக்கிறது. நீங்கள் அதைத் தேடவில்லை, காணோம் என்றும் எழுதவில்லை. பெட்டிக்கு இனி அது வேண்டாம். அதைத் தொட வீட்டில் வேறு ஆள் இல்லை.

விசாரணை 27ஆம் தேதி, காலை பதினொரு மணி. வந்து சாட்சி சொல்வேன். அன்று நீங்கள் நிருபர்கள் பக்கம் உட்காருங்கள், என் பக்கத்தில் வேண்டாம்.

நான் செம்பூர் வருவது முடிவாகவில்லை. அதற்கு யாரும் தேதி கொடுக்கவில்லை.

செல்வமேரி