கல் வாலா போட்

டெலானிபூர்,
போர்ட் பிளேர்,
7-1-1977

அன்பும் மரியாதையும் நிறைந்த விசாலாட்சி மதினி அவர்களுக்கு, பூங்கோதை வணங்கி எழுதுவது. இங்கே நானும் உங்கள் தம்பியும் மரகதமும் நலம். அம்பாசமுத்திரத்துக் குளிரில் உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறதோ என்று உங்கள் தம்பி தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார், எனக்கு ஏதோ தெரியும் என்பதுபோல.

உங்கள் மகன் சிவஞானமும் நலம். அவன் பெயரை இனி என் கடிதத்தில் எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தீர்கள். எழுதிவிட்டேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் முழுவதும் படித்துவிட்டுக் கிழியுங்கள் மதினி. அவன் ஹட் பேயில் எண்ணெய்ப் பனைத் தோட்டத்து வேலைக்குப் போனதையும், அங்கே குடியேறிய வங்காளிக் குடும்பத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டதையும், நீங்கள் அவனைத் தலைமுழுகியதையும் மறுபடி கிளற நான் வரவில்லை. போன வாரம் நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் எழுதுகிறேன்.

மரகதத்துக்குக் கிறிஸ்துமஸ் லீவு விட்டதும் உங்கள் தம்பிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் கழித்துக் கட்டிய லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்தாரே, அதன் முதுகில் படாக் மரப் பலகை அடித்து ஒரு அறையே கட்டிவிட்டார். படுக்க இரண்டு பலகை, மண்ணெண்ணெய் ஸ்டவ், தண்ணீருக்கு டிரம், ஜன்னலுக்கு என் பழைய புடவையைக் கிழித்துத் திரை. சட்டி பானைக்கு மட்டும் இடம் விட மறந்துபோனார். எல்லாவற்றையும் ஆணியில் மாட்டினேன். இங்கே அக்கம்பக்கத்தில் எல்லா பாஷைக்காரர்களும் இருப்பதால் பொதுவாக ஹிந்தியில் அதற்கு ‘சல்தா கர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். நடக்கிற வீடு என்று அர்த்தம். பாதி நேரம் அது நடந்துதான் போனது. மேடு வந்தால் நானும் மரகதமும் இறங்கிப் பின்னால் நடக்க வேண்டும்.

லீவு முழுவதும் கடற்கரையோரமாகவே சுற்றுவது என்று திட்டம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சிவஞானத்துக்கும் அவன் மனைவிக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறார் மனுஷர். அவர்கள் ஹட் பேயிலிருந்து போட்டில் போர்ட் பிளேர் வந்து, மரைன் ஹில்லில் சிநேகிதர் வீட்டில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் காலை லாரி ஏறி நாங்கள் இருக்கும் சிடியா டாப்புக்கு வருவதாக ஏற்பாடு. சிடியா டாப்பு என்பது இந்தத் தீவின் தெற்கு ஓரம். அதற்கப்பால் ரோடு கிடையாது.

காலையில் லாரி வந்தது. அவர்கள் வரவில்லை. முதல் நாள் முழுக்கக் கடல் கொந்தளித்துக் கிடந்தது. நான் ரோட்டுக்கும் கரைக்குமாக நடந்தேன். உங்கள் தம்பி வண்டிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டே, “சும்மா கெடட்டி, பொம்பளையக் கூட்டிட்டு வாரவன் மெள்ளத்தான் வருவான்” என்றார்.

அப்போது ஒரு மீன்காரர் கரையை ஒட்டி டோங்கிப் படகில் போனார். நேற்றைய ஹட் பே போட் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கத்திக் கேட்டேன். காற்றில் பாதிதான் காதில் விழுந்தது. “கல் வாலா போட்? கல்! கல்!” என்று கையை விரித்துக் காட்டிவிட்டு முனையைத் தாண்டிப் போய்விட்டார்.

போட் கல்லில் மோதிவிட்டது என்று எனக்குப் புரிந்தது மதினி. அந்தக் கணம் கடல் எனக்குக் கறுப்பாகத் தெரிந்தது. அவனை நினைப்பதற்கு முன்னால் உங்களைத்தான் நினைத்தேன். பெயரைக்கூட எழுதாதே என்று சொன்னவருக்கு, அந்தப் பெயருக்கு உரியவனே இல்லை என்று எப்படி எழுதுவேன்? அப்புறம் நீங்கள் யார் மேல் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்?

நான் சொன்னதைக் கேட்டதும் உங்கள் தம்பி வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார். வண்டியைக் கிளப்பினார். ஸ்டவ்வில் வெந்துகொண்டிருந்த சோற்றைக் கொட்டக்கூட அவகாசம் தரவில்லை. மரகதம் டிரம்மைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆணியில் மாட்டியதெல்லாம் ஒவ்வொன்றாகத் தலையில் விழுந்தது. வெளியே கொடியில் காய்ந்த துணிகளை வழியெல்லாம் சிந்திக்கொண்டு போர்ட் பிளேர் ஜெட்டிக்கு வந்து சேர்ந்தோம்.

அங்கே பந்தலடியில் ஒருவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். போட்டில் தப்பியவர்கள் யாராவது உண்டா என்று உங்கள் தம்பி கேட்டார். அந்த மனிதர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். போட் ஹட் பேயை விட்டே கிளம்பவில்லையாம். இஞ்சின் கோளாறாம். “கல் வாலா போட் கல் ஆயேகா, ஃபிகர் மத் கரோ” என்றார். கவலைப்படாதே, நேற்றைய போட் நாளை வரும்.

ஹிந்தியில் நேற்றும் கல், நாளையும் கல். எனக்குத் தெரியாத சொல்லா? காசு கேட்டாலும் பால் கேட்டாலும் எங்கள் பால்காரர் தினமும் சொல்கிற சொல். ஆனால் பயந்துபோன காதுக்குத் தமிழ்தான் கேட்கும்போல. உங்கள் தம்பி என்னைத் திட்டப்போகிறார் என்று நின்றேன். “கல்லாம்ல கல்லு!” என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே வண்டிக்குப் பின்னால் போனவர் வெகுநேரம் திரும்பி வரவில்லை. நான் போய்ப் பார்க்கவில்லை. அவருடைய துண்டை மட்டும் மரகதத்திடம் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் போட் வந்தது. சிவஞானம் இறங்கியதும் நான் அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். ஏன் அடிக்கிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை. இளைத்திருக்கிறான், கறுத்திருக்கிறான், சிரிப்பு மட்டும் உங்கள் சிரிப்பு. அவனுக்குப் பின்னால் அவன் மனைவி, பெயர் நீலாவதி, மெதுவாக இறங்கினாள். மெதுவாகத்தான் இறங்க முடியும், ஏழு மாதம். குனிய முடியாமல் குனிந்து என் காலைத் தொட்டு, “நல்லாருக்கியளா அத்தை” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வங்காளி வீட்டுப் பெண், பேசுவது அசல் நம் ஊர்ப் பேச்சு. இவனிடம்தானே கற்றுக்கொண்டாள், வேறு தமிழ் அவளுக்கு எப்படித் தெரியும்? உங்கள் குரலைத்தான் அவன் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

மிச்ச லீவையும் விடவில்லை. அடுத்த நாளே வண்டூர்க் கரைக்குப் போய் நிறுத்தினோம். பலகை இரண்டும் பெண்களுக்கு, ஆண்கள் கீழே தார்ப்பாயில். நீலாவதி கடலைப் பார்த்து உட்கார்ந்து மீன் நறுக்குவாள், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரசம் வைப்பேன். இரண்டும் ஒரே ஸ்டவ்வில்தான் வெந்தன. உங்களுக்குக் கேட்கவே குமட்டும். எனக்கும் முதல் நாள் குமட்டியது, அப்புறம் இல்லை. என்ன செய்ய, உயிரோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்களே என்கிற நினைப்பில் எனக்கு எதுவும் பெரிதாகத் தோன்றவில்லை.

இப்போது வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். பிரசவம் இங்கே ஆஸ்பத்திரியில்தான், மாசியில் இருக்கும் என்கிறார்கள். அதுவரை அவள் என்னோடு இருப்பாள். சிவஞானம் அடுத்த போட்டில் திரும்புகிறான்.

என்னை அவள் ‘வண்டி அத்தை’ என்கிறாள். உங்களை ‘ஊர் அத்தை’. நேற்றுச் சாப்பிடும்போது, “ஊர் அத்தை லெட்டர் எப்பம் வரும்” என்று கேட்டாள். “கல்” என்றேன். நாளைக்கு என்று எடுத்துக்கொண்டு அவள் சிரித்தாள்.

சிவஞானம் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அது தமிழில் கேட்டிருக்கிறது மதினி.

உங்கள் கையால் ஒரு வரி எழுதுங்கள், அவன் பெயரைப் போட்டு. பிறக்கப்போகிற குழந்தைக்கு உங்கள் ஆசீர்வாதம் வேண்டும்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
பூங்கோதை